கணினிச் செயலியின் திரவக் குளிர்விப்பு: வரலாறும் பழுதுகளும்

திரவக் குளிர்விப்பு என்பது கணினியின் செயலியில் உண்டாகும் வெப்பத்தை நீர் அல்லது வேறொரு திரவத்தின் வழியாக வெளியேற்றும் முறையாகும். இன்று வீட்டு மேசைக்கணினிகளிலும் காணப்படும் இம்முறை 1960களின் பெருங்கணினிகளில் தொடங்கியது. குளிர்வி பொருத்தியும் செயலி சூடாவது ஏன் என்ற கேள்வியும் அந்நாளிலேயே எழுந்தது. அதற்குப் பொறியாளர்கள் கண்ட விடைகளே இத்துறையின் வரலாறு எனலாம்.

அடிப்படை

செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவையான வெப்பத்தைக் கன அளவின் அடிப்படையில் ஒப்பிட்டால், நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். வெப்பத்தைக் கடத்துவதிலும் நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் திறன் வாய்ந்தது. ஆனால் திரவம் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்கு எடுத்துச் செல்கிறது, அவ்வளவே. சில்லு, வெப்பப் பசை, குளிர்தகடு, திரவம், பம்பு, ரேடியேட்டர், மின்விசிறி, அறைக் காற்று என்பது ஒரு சங்கிலி. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் செயலி சூடாகும்.

பெருங்கணினிக் காலம்

ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் உருவாக்கிய சிஸ்டம்/360 வரிசையின் பெரிய கணினிகளிலேயே குளிர்நீர் பயன்பட்டது. எனினும் நீரைச் சில்லுக்கு மிக அருகில் கொண்டுவந்த வடிவமைப்பு, 1980ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 கணினியில் வந்தது. அதில் 9 சென்டிமீட்டர் பக்க அளவுள்ள பீங்கான் தகடொன்றில் 100க்கும் மேற்பட்ட சில்லுகள் அமர்ந்திருந்தன. அத்தகைய ஒரு தொகுதி ஏறத்தாழ 300 வாட் வெப்பத்தை வெளியிட்டது.

இங்கே நீரைக் கொண்டுவருவது பெரிய சிக்கலாக இல்லை. நூறு சில்லுகளும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருப்பதில்லை. தட்டையான ஓர் உலோகத் தகட்டை அவற்றின்மேல் வைத்தால் சிலவற்றைத் தொடும், சிலவற்றைத் தொடாது. எனவே ஒவ்வொரு சில்லின் மேலும் சுருள்வில்லால் அழுத்தப்படும் சிறிய உலோகத் தண்டு ஒன்றை வைத்தனர். எஞ்சிய இடைவெளியில் காற்றுக்குப் பதிலாக, அதைவிட நன்றாக வெப்பம் கடத்தும் ஹீலியம் வாயுவை நிரப்பினர். இன்று செயலிக்கும் குளிர்தகட்டுக்கும் இடையே வெப்பப் பசை செய்வதும் இதே வேலைதான்: நுண்ணிய இடைவெளிகளில் இருக்கும் காற்றை அகற்றுவது.

கிரே கணினிகள்

சீமோர் கிரே வடிவமைத்த கிரே-1, 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. 80 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய அதற்கு ஏறத்தாழ 115 கிலோவாட் மின்சாரம் தேவைப்பட்டது. மின்சுற்றுப் பலகைகளை இரண்டிரண்டாக முதுகோடு முதுகாகச் சேர்த்து, நடுவில் செப்புத் தகடு வைக்கப்பட்டது. அத்தகடு வெப்பத்தைச் சட்டகத்தின் ஓரத்திற்குக் கடத்தியது. அங்கே துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களில் ஓடிய ஃபிரியான் திரவம் அவ்வெப்பத்தை வாங்கிச் சென்றது.

தொடக்கத்தில் இந்தக் குழாய் அமைப்பே பெருந்தலைவலியாக இருந்தது. ஃபிரியானுடன் கலந்திருந்த மசகெண்ணெய் பற்றவைப்பு இணைப்புகளின் வழியே கசிந்து, பலகைகளில் படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கியது. புதிய பற்றவைப்பு முறைகளைக் கண்டறிந்த பின்னரே கசிவு நின்றது. இதனால் முதல் கணினி ஆறு மாதம் தாமதமானது. உலகின் மிக வேகமான கணினியைக் காக்கவைத்தது கணக்கிடும் சுற்று அல்ல, ஒரு குழாயின் இணைப்பு என்பது குறிப்பிடத்தக்கது. கிரே-1 தொடர்பாக அவர் பெற்ற காப்புரிமையும் அதன் குளிர்விப்பு அமைப்புக்கே உரியது.

1985இல் வெளிவந்த கிரே-2 இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. மின்சாரத்தைக் கடத்தாத ஃபுளோரினெர்ட் என்னும் திரவத்தில் மின்சுற்றுகள் முழுவதுமாக மூழ்கவைக்கப்பட்டன. திரவம் பலகையைத் தொட்டாலும் கேடில்லை என்றான பின், கசிவு பற்றிய அச்சத்துக்கு இடமில்லாமல் போனது.

காற்றுக்குத் திரும்புதல்

1990களில் பெருங்கணினிகள் இருமுனைத் திரிதடையங்களை விட்டுச் சீமாஸ் தொழில்நுட்பத்திற்கு மாறின. மின்தேவை வெகுவாகக் குறைந்ததால் நீர்க்குழாய்கள் அகற்றப்பட்டு, மின்விசிறிகள் மீண்டும் இடம்பெற்றன. ஆனால் சீமாஸ் சில்லுகளின் வெப்பமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. திரிதடையம் சிறுக்கும்போது அதன் மின்தேவையும் அதே விகிதத்தில் குறையும் என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியோரும் விளக்கியிருந்தனர். 2000களின் நடுவில் இந்த விதி பொய்த்தது. மின்கசிவு மிகுந்த சில்லுகள் வெளிவந்தன. 2004இல் இன்டெல் நிறுவனம் தனது அடுத்த தலைமுறைச் செயலியான தேஜஸைக் கைவிட்டு, பல கருவங்கள் கொண்ட செயலிகளை நோக்கித் திரும்பியது.

மேசைக்கணினியில் திரவம்

அதே 2004இல் ஆப்பிள் நிறுவனம் 2.5 கிகாஹெர்ட்ஸ் இரட்டைச் செயலி கொண்ட பவர் மேக் ஜி5 கணினியைத் திரவக் குளிர்வியுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலப்போக்கில் இவ்வகைக் கணினிகள் சிலவற்றில் திரவம் கசிந்து உள்ளுறுப்புகள் கெட்டன. 2006இல் அதன் இடத்திற்கு வந்த மேக் புரோ காற்றால் குளிர்விக்கப்பட்டது.

அதுவரை ஆர்வலர்கள் பம்பு, குழாய், ரேடியேட்டர் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தாமே இணைத்து வந்தனர். டென்மார்க்கின் அசடெக் நிறுவனம் பம்பையும் குளிர்தகட்டையும் ஒரே உறுப்பாக்கி, தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடிய குளிர்விகளைப் பரவலாக்கியது. இதனால் நிறுவுதல் எளிதானது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது பயனரின் கண்ணுக்கு மறைந்தது. இரப்பர்க் குழாயின் வழியே நீராவி மிக மெதுவாக வெளியேறித் திரவம் குறைவதையும், குளிர்தகட்டின் நுண்பள்ளங்களில் படிவு சேர்வதையும் வெளியிலிருந்து காண இயலாது.

செயலியின் தற்காப்பு

2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் வெளியிட்ட காணொளி ஒன்றில், இயங்கிக்கொண்டிருந்த செயலிகளின் குளிர்விகள் அகற்றப்பட்டன. ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் கருகியது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இந்தத் தற்காப்பு இன்று எல்லாச் செயலிகளிலும் உண்டு. அதனால் பழுதின் அடையாளமும் மாறிவிட்டது. முன்பு செயலி எரியும். இப்போது கணினி மந்தமாகும். மேலும், 2022இல் வந்த ரைசன் 7000 வரிசைச் செயலிகள் கடும் பளுவில் 95 பாகை செல்சியஸ் வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே, வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துப் பழுது என்று முடிவு செய்ய முடியாது.

பழுது காணும் முறை

மேற்கண்ட சங்கிலியை வரிசையாகச் சோதிப்பதே சரியான வழி.

முதலில், செயலி எத்தனை வாட் உட்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பல தாய்ப்பலகைகளின் இயல்பமைப்பு, செயலிக்குப் பரிந்துரைக்கப்பட்ட மின்வரம்பைத் தளர்த்திவிடுகிறது. அவ்வாறாயின் குறை குளிர்வியில் இல்லை.

பளு ஏற்றிய சில நொடிகளிலேயே வெப்பநிலை உச்சத்தைத் தொட்டு, குழாய்களும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால், வெப்பம் திரவத்தை அடையவில்லை அல்லது திரவம் ஓடவில்லை என்று பொருள். பம்பின் சுழற்சி வேகம் காட்டப்படுகிறதா, தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கலாம். பம்பு ஓடினால் குளிர்தகட்டைக் கழற்ற வேண்டும். ஒட்டியிருந்த நெகிழித்தாள் உரிக்கப்படாமல் இருப்பது, திருகுகள் ஒருபக்கமாக இறுகியிருப்பது, பசை உலர்ந்திருப்பது ஆகியன வழக்கமான காரணங்கள். தொடுபரப்பு சரியாக இருந்தும் நிலை மாறாவிட்டால் உள்ளே அடைப்பு என ஐயுறலாம்.

வெப்பநிலை பத்து, இருபது நிமிடங்களில் மெல்ல ஏறி, ரேடியேட்டரும் சூடாக இருந்தால், குறை காற்றோட்டத்தில் உள்ளது. தூசியும் மின்விசிறியின் திசையும் கவனிக்கத்தக்கவை. சலசலப்பு கேட்டால் பம்பில் காற்று புகுந்திருக்கலாம். ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும்.

நூறு சில்லுகளைத் தண்டுகளால் தொட்ட பொறியாளர்களும், குழாய் இணைப்புக்காக ஆறு மாதம் காத்திருந்தவர்களும் தேடியதும் இதே கண்ணிகளில்தான். அளவு சுருங்கி வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. வெப்பம் செல்லும் வழி மாறவில்லை.