மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம்: சவ்வாது மலை முதல் பாலாறு வரை

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்கின் அடியில் தங்கும் கசடை லாரியில் கொண்டுவந்து, நீரையும் திடப்பொருளையும் பிரித்துத் தூய்மையாக்கும் இடமே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம். தமிழ்நாட்டில் இவ்வகையில் முதலாவது, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் அமைந்தது. நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடை ஏற்கும் இந்த நிலையத்துக்குப் பக்கத்து மதுராந்தகத்தின் கசடும் வருகிறது.

ஆறுகளின் இயல்பு

கருங்குழி இருக்கும் பாலாற்று வட்டாரத்துக்கு நீர் தரும் மலைகளில் சவ்வாது மலை முக்கியமானது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிய இம்மலையில் ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவியாக விழும் செய்யாறு, செங்கம், கலசப்பாக்கம் வழியாக ஓடுகிறது. அதே மலையின் மிருகண்டா நதியும் கமண்டல நாகநதியும் வழியில் அதனுடன் சேர, திருமுக்கூடலில் அது பாலாற்றில் கலக்கிறது.

இவை மழைக்கால ஆறுகள். ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். நீர் மணலுக்கு அடியில் நகரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் குடிநீர்க் கிணறுகள் அந்த மணலில்தான் இறக்கப்பட்டுள்ளன. வற்றாத ஆற்றில் கொட்டியது கரைந்து போகலாம். இங்கே கொட்டியது கொட்டிய இடத்திலேயே இறங்கி, கிணற்றை நோக்கிச் செல்லும். வீட்டுச் சாக்கடை நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். செப்டிக் டேங்க் கசடிலோ அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு லாரிக் கசடு ஓர் ஓடைக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இயங்கும் முறை

லாரிக் குழாயிலிருந்து வரும் கசடு முதலில் கம்பி வலையைக் கடக்கிறது. துணி, நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் அங்கே தங்கிவிடும். பிறகு மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகைகளில் அது பாய்ச்சப்படுகிறது. நீர் கீழே வடிய, மேலே நிற்பதை வெயில் காயவைக்கிறது. கோடையில் இது விரைவாக முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இழுத்தடிக்கும். எனவே கூரையும் கூடுதல் படுகைகளும் அவசியமாகின்றன. வடிந்த நீர் குளங்களில் தேக்கப்பட்டு, நுண்ணுயிர்களாலும் பாசியாலும் வெயிலாலும் தெளிகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கை, பெருநகரல்லாத ஊர்களின் கழிவுநீர் நிலையங்களுக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என ஆக்சிஜன் தேவையின் உச்சவரம்பை வகுத்தது. காய்ந்த கசடை ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து உரமாக்கலாம். ஆனால் குவியலின் உட்சூடு 55 பாகை செல்சியஸைத் தாண்டிப் பல நாள் நின்றால்தான் குடற்புழு முட்டைகள் அழியும். அதற்கு முன் வயலுக்கு அனுப்புவது நோயை அனுப்புவதாகும்.

லாரி வருகிறதா?

வெளியேறும் நீரின் தரத்தை மட்டும் வைத்து இந்நிலையங்களை மதிப்பிடுவது போதாது. வரவேண்டிய லாரிகளில் எத்தனை உள்ளே வந்தன என்பதே முதல் கேள்வி. நிலையம் தொலைவில் இருந்தால் டீசலும் நேரமும் கூடும். இருட்டிய பின் ஏரிக்கரையோ ஓடையோ எளிதாகிவிடும். தமிழக அரசு 2014இல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2022இல் சட்டத்திருத்தத்தின் மூலம் லாரிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களிலும் அக்கம்பக்கத்து ஊர்க் கசடை இறக்கும் ஏற்பாடு உண்டு. புதிய கட்டடம் எழுப்புவதைவிட இது பல இடங்களில் விரைவில் பலன் தரும்.

மலை ஊர்களில்

செங்குத்தான பாதையில் கசடு லாரி ஏறுவதும், முழுச் சுமையோடு இறங்குவதும் கடினம். சிதறிய மலைக் குடியிருப்புகளுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறையே பொருத்தமானது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மற்றதற்கு மாறினால், மூடியது சுமார் 2 ஆண்டுகளில் மட்கிவிடும், லாரி தேவையில்லை. பாறை வெடிப்புகள் வழியே அசுத்தம் வேகமாகப் பரவக்கூடும் என்பதால், ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேற்சரிவில் குழி தோண்டக் கூடாது. சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகள் பெருகும் இடங்களில் செப்டிக் டேங்குகளும் பெருகும். அங்கே கசடு எங்கே போகும் என்பதைக் கட்டட அனுமதியின்போதே கேட்டாக வேண்டும்.