வைத்தியசாலையும் வழக்குமன்றமும்

நோயுற்ற ஒருவன் வைத்தியசாலையின் வாயிலைக் கடந்து உட்புகுங்கால் தன் உடலை முற்றாகப் பிறர் கையில் ஒப்படைத்து விடுகின்றான். மயக்க மருந்தினால் அறிவிழந்து கிடப்பவன் தனக்கு யாது நிகழ்ந்தது என்பதையேனும் அறியான். அந்நிலையில் கவனக்குறைவினால் அவனுக்குத் தீங்கு நேரின் அதற்குப் பொறுப்பாளர் யாவர்? கத்தி பிடித்த வைத்தியரா, அருகில் நின்ற தாதியா, அன்றி இருவரையும் அமர்த்திய வைத்தியசாலையா? இன்று எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஆங்கிலச் சட்டம் நேரான விடை காண நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இத்தடுமாற்றத்திற்குக் காரணம் வைத்தியசாலைகளின் பிறப்பிலேயே இருந்தது. இலண்டன் மாநகரின் சென் பார்த்தலோமியூ வைத்தியசாலை 1123 ஆம் ஆண்டில் இராகியர் என்பவரால் வறியோர்க்கென நிறுவப்பட்ட அறச்சாலையாகும். பிற்காலத்தெழுந்த வைத்தியசாலைகளுட் பலவும் செல்வர் ஈந்த நன்கொடையாலேயே நடைபெற்றன. புகழ் வாய்ந்த சத்திரவைத்தியர் ஊதியம் பெறாது வந்து சென்றனர். பொருளுடையார் தம் இல்லத்திலேயே வைத்தியம் பெற்றனர். எனவே வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தவன் உரிமையுடையவனாகவன்றி, தருமம் ஏற்பவனாகவே கருதப்பட்டான். தருமம் செய்வோர் மீது வழக்குத் தொடுப்பது நன்றி கொன்ற செயலாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இக்கருத்தின் நிழல் 1909 ஆம் ஆண்டுத் தீர்ப்பிற் காணக்கிடக்கின்றது. சென் பார்த்தலோமியூவில் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்கப்பட்ட ஒருவருக்கு இடக்கை மேசையின் கீழிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெந்நீர்த் தகரத்திற் பட்டு வெந்தது. வலக்கை எவரோ அழுத்தியமையாற் கன்றிற்று. இரு கைகளும் வலுவிழந்தன. அவர் தாமே ஒரு வைத்தியர் என்பது இவ்வழக்கின் கொடிய நகைச்சுவை. மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. தகுதி வாய்ந்தோரைத் தெரிந்து அமர்த்துவதோடு ஆளுநர் கடமை முடிகின்றதென்றும், சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவைத் தாண்டியதும் தாதியர் வைத்தியசாலையின் ஏவலினின்று நீங்கிச் சத்திரவைத்தியரின் ஏவலுக்கு உட்படுகின்றனரென்றும் நீதியரசர் கூறினர். ஊதியம் கொடுப்பவர் ஒருவர், ஏவுபவர் மற்றொருவர் என்னும் இப்பிரிவு நோயாளிக்கு யாதொரு பயனும் அளிக்கவில்லை. எத்தாதி தவறிழைத்தாள் என்பதை மயங்கிக் கிடந்தவன் எங்ஙனம் காட்டுவான்? காட்டினும், தாதியின் சிறு வருவாயினின்று பெறக்கூடிய நட்டஈடு எத்துணை?

எனினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1929 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தினால் ஏழையர் நலச் சபைகளின் வைத்தியசாலைகள் மறு ஆண்டில் மாவட்ட, மாநகர சபைகளின் கைக்கு வந்தன. அங்கே வைத்தியர் சம்பளம் பெறும் அலுவலர். மக்களின் வரிப்பணமே மூலதனம். தருமம் என்னும் போர்வை இங்குப் பொருந்தவில்லை. 1938 இல் சட்ட அறிஞர் குட்ஹாட் 1909 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படையையே கடிந்து எழுதினார்.

முதல் உடைப்பு 1942 இல் நிகழ்ந்தது. முகத்திலுள்ள மருக்களை நீக்குவதற்காக ஒரு சிறுமிக்கு எசெக்ஸ் மாவட்ட சபையின் வைத்தியசாலையிற் கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஈயங் கலந்த துணியால் முகத்தின் ஏனைய பகுதியை மறைக்க வேண்டியவர் மறையாது விட்டமையால் அம்முகம் உருக்குலைந்தது. கதிர்க்கருவியை இயக்கியவர் தேர்ச்சியுடைய தொழில் வல்லுநரேயாயினும், சபையின் ஊழியராதலின் சபையே பொறுப்பென மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

1947 ஆம் ஆண்டு ஹெட்போட்சயர் வழக்கு மேலும் துயரமானது. வருகைச் சத்திரவைத்தியர் தொலைபேசியில் 'புரோக்கேன்' என்றார். மறுமுனையில், வைத்தியப் படிப்பு முடியாதிருந்தும் போர்க்காலத் தட்டுப்பாட்டால் அமர்த்தப்பட்டிருந்த உதவியாளர் 'கொக்கேன்' எனக் கேட்டார். மருந்தாளர் வினவாது கலந்து கொடுத்தார், சத்திரவைத்தியரும் சரிபாராது ஏற்றினார், நோயாளி இறந்தார். உதவியாளருக்கும் மருந்தாளருக்கும் சபை பொறுப்பாயிற்று. வருகை வைத்தியருக்கோ, அவர் தவறுடையவராகக் காணப்பட்டும், சபை பொறுப்பன்று எனப்பட்டது. பழைய கோட்பாட்டின் எச்சம் இன்னும் மறையவில்லை.

1948 யூலை 5 ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அவ்வாண்டிலேயே லிவர்பூல் நகரின் வால்டன் வைத்தியசாலையில் இடக்கை விரல்கள் இரண்டு மடங்கி விறைத்திருந்த ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கையும் முன்கையும் சிம்பு வைத்துக் கட்டப்பட்டன. தாங்கொணா வலியென அவர் முறையிட்டும் கட்டு ஏறக்குறைய பதினான்கு நாட்கள் அவிழ்க்கப்படவில்லை. வலி தணிக்க மருந்து மாத்திரம் கொடுக்கப்பட்டது. அவிழ்த்த பொழுது நான்கு விரல்களும் விறைத்து, கை பயனற்றதாகியிருந்தது. முறையீட்டைச் செவிமடுத்தும் செயற்படாத இக்குற்றமே புறக்கணிப்பு என்னும் சொல்லுக்குச் சாலப் பொருந்துவது.

தவறியவர் இன்னாரென நோயாளி காட்டவில்லை எனக் கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1951 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. இரு விரலுக்கு மருந்து தேடி வந்தவன் நான்கு விரலும் இழந்து செல்வானாயின், கவனம் குன்றாதிருந்தால் அது நிகழ்ந்திராது. எனவே விளக்கம் கூறவேண்டியவர் வைத்தியசாலையாரே எனும் நியாயத்தை நீதியரசர் டெனிங் முன்வைத்தார். நோயாளி தானே தெரிந்து அமர்த்தாத வைத்தியர் எவராயினும், நிலையானவராயினும் வருகையாளராயினும், அவர் தவறு வைத்தியசாலையின் தவறே என்பதும் அவர் கொள்கை. 1909 இற் கட்டிய மதில் இத்துடன் இடிந்தது.

அங்ஙனமாயினும் வழக்குத் தொடுத்தோர் யாவரும் வென்றிலர். 1947 ஒக்தோபர் 13 ஆம் நாள் செஸ்ரபீல்ட் வைத்தியசாலையில் முதுகந்தண்டில் மருந்தேற்றப்பட்ட இருவர் இடுப்பின் கீழ் உணர்விழந்தனர். மருந்துக் குப்பிகள் பீனோல் திரவத்தில் வைக்கப்பட்டிருந்தமையாற் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகளூடே அத்திரவம் உட்சென்றதென நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவ்வாறு நிகழக்கூடுமென்பது 1947 இல் அறியப்படாதது. பிந்திய அறிவைக்கொண்டு முந்திய செயலை அளத்தல் ஆகாதென 1954 இல் அவர்கள் வழக்குத் தோற்றது. 1990 இல் வெளிவந்த மறு ஆய்வொன்று காரணம் பீனோலன்று, கருவிகளைக் கொதிக்கவைத்த கலத்திற் படிந்த அமிலமே எனக் கருதியது. அது மெய்யாயின், வேறு கேள்வி எழுப்பப்பட்டிருத்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் உள்ளத்தை உறுத்துவது 1966 சனவரி முதல் நாள் நிகழ்ச்சி. இலண்டனிற் கல்லூரியொன்றின் இராக்காவலர் மூவர் தேநீர் அருந்தி, இடையறாது வாந்தியெடுத்து, காலை எட்டு மணியளவிற் சென் ஸ்ரீபன் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குச் சென்றனர். தாதி வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். தாமும் நோயுற்றிருந்த அவ்வைத்தியர், வீடு சென்று தத்தம் வைத்தியரை அழைக்குமாறு கூறிவிட்டார். அன்று பிற்பகல் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆசனிக் நஞ்சு கலந்திருந்தது. அவசரப் பிரிவின் கதவைத் திறந்து வைத்தவர் வந்தவனைக் கவனிக்கக் கடமைப்பட்டவரென்றும், அக்கடமை மீறப்பட்டதென்றும் நீதியரசர் தீர்த்தார். ஆயினும், சேர்த்துச் சிகிச்சை அளித்திருந்தாலும் மாற்று மருந்து வேளைக்குக் கிட்டியிராது எனும் சான்றினால், இறந்தவரின் மனைவிக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. கடமை தவறியதும் உண்மை, அதனால் மரணம் விளையவில்லை என்பதும் உண்மை எனச் சட்டம் இரண்டையும் பிரித்துக் காண்கின்றது. கைம்பெண்ணொருத்தி அங்ஙனம் பிரித்துக் காணல் எளிதன்று.

இலங்கையின் நிலை வேறாயிருந்தது. இங்கு பெரும்பாலான வைத்தியசாலைகள் அரசினுடையவை. தீங்கியல் வழக்கில் முடியை எதிராளியாக்குதல் இயலாதிருந்தது. நோயாளி தவறிழைத்த அலுவலர் மீது மாத்திரமே வழக்காட வேண்டியவனாய், ஏறக்குறைய 1909 ஆம் ஆண்டு ஆங்கில நோயாளியின் நிலையிலேயே நின்றான். 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமே அத்தடையை நீக்கி, அரசு தன் ஊழியரின் தீங்குக்குத் தானே விடையிறுக்கும் வழியைத் திறந்தது.