மவுஸுக்கு முன்பே பிறந்த பேனா

கணினியில் படம் வரையும் பேனா, மவுஸுக்குப் பின்னால் வந்த சொகுசுக் கருவி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் பேனாதான் மூத்தது. 1888-ல் அமெரிக்காவின் எலிஷா கிரே ‘டெலாட்டோகிராஃப்’ என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த ஊரில் ஒருவர் எழுதினால், கம்பி வழியே அந்த ஊரில் இன்னொரு பேனா அசைந்து அதே கையெழுத்தை எழுதும். 1963-ல் ஐவன் சதர்லேண்ட், எம்.ஐ.டி.யில் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கி, ஒளிப்பேனாவைத் திரையின் மேலேயே வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு ராண்ட் நிறுவனத்தின் டேப்ளட் வந்தது. பத்து அங்குலச் சதுரப் பலகை, அங்குலத்துக்கு நூறு கம்பிக் கோடுகள், மொத்தம் பத்து லட்சம் புள்ளிகள். பேனா எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதைக் கணினி அறிந்துகொண்டது. விலைதான் பெரிய தடை: சுமார் 18,000 டாலர்.

அதே 1964-ல் டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் முதல் மவுஸைச் செய்தார்கள். மரப்பெட்டி ஒன்று, அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான். திரையில் இருக்கும் ஒன்றைச் சுட்டுவதற்காகப் பிறந்த கருவி அது. வரைவது அதன் வேலைத் திட்டத்திலேயே இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதை உலகுக்குக் காட்டினார். 1984-ல் ஆப்பிளின் மேக்கின்டாஷ், பெட்டிக்குள்ளேயே ஒரு மவுஸையும் ‘மேக்பெயின்ட்’ என்ற ஓவிய மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தது. கணினியோடு கூடவே வந்தது மவுஸ். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக ஒதுங்கி நின்றது பேனா. ஓவியம் தெரிந்த பலருடைய பிழைப்பை இந்த ஒரு வேறுபாடு பின்னாளில் தீர்மானித்தது.

பேனாவின் அடுத்த தங்கல் ஜப்பான். 1983-ல் தொடங்கிய வேகாம் நிறுவனம், மறு ஆண்டே வயரில்லாத பேனாவோடு ஒரு டேப்ளட்டை வெளியிட்டது. வேகாம் பேனாவின் நுட்பம் இன்றும் வியக்க வைக்கிறது. பலகையின் அடியில் பின்னிய கம்பி வலை, நொடியின் மிகச் சிறிய பகுதி நேரம் மின்காந்த அலையை வெளியிடும். உடனே மௌனமாகிக் காத்திருக்கும். பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருளும் மின்தேக்கியும் அந்த அலையை வாங்கி எதிரொலிக்கும். அந்த எதிரொலி வலையின் எந்த இடத்தில் வலுவாகக் கேட்கிறதோ, அங்கே பேனா இருக்கிறது. அதனால் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. முனையை அழுத்தினால் எதிரொலியின் அதிர்வெண் சற்று மாறும். அந்த மாற்றமே கோட்டின் தடிமனாகிறது. 1998-ல் வந்த ‘இன்டுவோஸ்’ 1,024 அழுத்த நிலைகளை உணர்ந்தது. இன்று மலிவான டேப்ளட்களில்கூட 8,192 நிலைகள் வந்துவிட்டன.

நம் பக்கத்துக்கு முதலில் வந்தது மவுஸ்தான். சென்னைப் புறநகரில் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் டி.டி.பி. கடைகள் முளைத்தபோது, ஒவ்வொரு மேசையிலும் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். அடியில் ரப்பர் உருண்டை வைத்த மவுஸ் அது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துத் தூசி, உள்ளே இருக்கும் உருளைகளில் அப்பிக்கொள்ளும். கர்சர் திக்கித் திக்கி நகரும். மூடியைத் திருகி, உருண்டையை எடுத்துவிட்டு, நகத்தால் அழுக்கைச் சுரண்டினால்தான் மீண்டும் வேலை ஓடும்.

அதற்குப் பின், கணினியில் வடிவமைத்து அச்சிடும் ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. சினிமா ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதை ஆளுயரத்துக்கும் மேலாகத் துணியில் பெரிதாக்கி வரைந்த பேனர் ஓவியர்களின் சென்னை, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வேகமாக மாறிப்போனது. தூரிகை பிடித்த கைக்கு வேலை வேண்டுமென்றால் மவுஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஒரு மீசையை வைத்தே பார்க்கலாம். கோரல்டிரா மென்பொருளில் வளைகோடு போடும் பெசியர் டூலை எடுத்து, மீசையின் நுனியில் ஒரு கிளிக். நடுவில் ஒரு கிளிக், விடாமல் இழுத்து வளைவு. மறுநுனியில் இன்னொன்று. கீழ்க்கோட்டுக்கும் அப்படியே. வடிவத்தை மூடிக் கருப்பு நிரப்ப வேண்டும். நடுவில் புடைத்துத் தெரிந்தால் பெரிதாக்கிப் பார்த்து, கிளிக்கில் விழுந்த புள்ளிகளில் ஒன்றை, அதாவது ஒரு நோடை, அழிக்க வேண்டும். தூரிகைக்காரர் இதே மீசையை ஒரே இழுப்பில் முடிப்பார்: மெல்லத் தொட்டு, நடுவில் அழுத்தி, நுனியில் தூக்கிவிடுவார். மவுஸின் பொத்தானுக்கு அமுங்குவதும் விடுவதும் மட்டுமே தெரியும். இடைப்பட்ட அழுத்தம் எதுவும் தெரியாது. வரைபவரின் பல வருடப் பயிற்சி அந்த இடைப்பட்ட அழுத்தத்தில்தான் இருக்கிறது. அவரிடம் கலை குறைந்துவிடவில்லை. கையில் கொடுக்கப்பட்ட கருவிக்கு அந்தக் கலையை வாங்கிக்கொள்ளும் வழி இல்லை.

மவுஸைக் குறை சொல்லவும் முடியாது. லோகோ, எழுத்து வடிவம், வண்டிக்கான ஸ்டிக்கர் கட்டிங் போன்றவற்றுக்கு அதுதான் ஏற்றது. வெட்டும் கத்தி நோடுகளின் வழியே ஓடுவதால், நோடு குறையக் குறைய வெட்டு சுத்தமாக வரும். கையை எடுத்தாலும் மவுஸ் வைத்த இடத்திலேயே நிற்கும். பேனா முனை நடுங்கும்.

பேனா நம்மூருக்கு வர நாளாயிற்று. கணினியில் ஓவியம் வரைவதைத் தமிழ்நாட்டில் தொடக்கத்திலேயே கையிலெடுத்த ட்ராட்ஸ்கி மருது போன்றவர்கள் புதிய கருவிகளுக்கு வழி திறந்தார்கள். ஆனாலும் புறநகரில் வரையும் பிள்ளைகளுக்கு டேப்ளட் எட்டாத விலையில்தான் இருந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கணினி வந்தது. வரைய ஆசைப்பட்டவர்களுக்கு அதில் இருந்தது டச்பேட் மட்டுமே. ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற பெயர்களில் சீனத் தயாரிப்புகள் பெருகிய பிறகுதான் விலை இறங்கியது. ஆவடியில் மின்ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்து வாங்கிய பொருள், இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

வாங்கியதும் கை பழகிவிடாது. மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் கர்சர் நகராது. டேப்ளட்டில் அப்படியில்லை. பலகையின் மூலைதான் திரையின் மூலை. கண் திரையில் இருக்க, கை மேசையில் ஓட வேண்டும். பலகையின் அகல உயர விகிதம் திரையோடு பொருந்தும்படி செட்டிங்கில் மாற்றாவிட்டால், போட்ட வட்டம் முட்டையாக விழும். சொரசொரப்பான பரப்பில் நிப் தேயும், மாற்றிக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் தினமும் வரைந்தால், மணிக்கட்டில் சிக்கியிருந்த கோடு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வரத் தொடங்கும்.

இந்தப் பேனா போய்ச் சேர வேண்டிய இடம் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப். அங்கே ஒவ்வொரு கணினியோடும் மவுஸ் இருக்கிறது. ஒரு லேபுக்கு ஒரே ஒரு டேப்ளட் வாங்கி, அதை ஓவிய ஆசிரியரின் பொறுப்பில் கொடுத்தால் போதும். செலவு அதிகமில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை, தனக்கு ஏற்கெனவே தெரிந்த கோட்டைக் கணினியிலும் போட முடியும். மவுஸ் முந்திக்கொண்டதால் ஒரு தலைமுறை ஓவியர்கள் தங்கள் கையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கட்டாயம் வேண்டாம்.