ஏரி வண்டலும் ஊர்க் கட்டுப்பாடும்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துள்ளது சென்னீர்குப்பம். இன்று அங்கு நான் காண்பன பெரும்பாலும் வீடுகளும் கடைகளுமே. அங்கிருந்து பூவிருந்தவல்லியைக் கடந்து தென்மேற்கே சில கல் தொலைவு சென்றால், செம்பரம்பாக்கம் ஏரியின் நெடுங்கரையை அடையலாம். அக்கரைமீது நிற்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ஏரியை வெட்டியவர் யார் என்பதன்று அவ்வினா. வெட்டிய ஏரிகளைத் தூர்ந்துபோகாமல் காத்தவர் யார் என்பதே.

மழைநீர் வரும்போது மேட்டு நிலத்தின் மண்ணையும் மக்கிய தழையையும் உடன் கொணர்கிறது. அதுவே வண்டல். ஏரியில் தங்கினால் அது நீருக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளும். வயலில் இட்டாலோ பயிருக்கு உரமாகும். ஆகவே, ஏரியைத் தூர் வாருவதும் கழனிக்கு எருவிடுவதும் ஒரே வேலையின் இரு பயன்கள். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்தரமேரூருக்குச் செல்வோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் ஏரி வாரியமாக அமர்ந்து, 360 நாள் பணி செய்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் ஏற இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. ஏரியில் குழி தோண்டி மண் எடுப்பதற்கென அறக்கட்டளைகள் வைத்த செய்தியையும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் காண்கிறோம். பொறுப்பும் பொருளும் கணக்கும் ஓரிடத்தில் கூடியிருந்தன என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

செங்கற்பட்டுப் பகுதி 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராயிற்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அங்குள்ள ஊர்களை அளந்து எழுதிய கணக்குகள், விளைச்சலில் பொதுப்பணிகளுக்கு ஊரார் பங்கு ஒதுக்கிய வழக்கத்தைக் காட்டுகின்றன. 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் அந்நாடு பெரிதும் சீரழிந்தது. பின்னர் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் ஊக்கம் காட்டினார்.

காலப்போக்கில் வரி முறைகள் மாற, ஊரின் பொதுப் பங்குகள் சுருங்கின, குடிமராமத்தும் தளர்ந்தது. 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊர் வழக்கப்படி மராமத்து வேலைக்கு வரவேண்டியவர் தக்க காரணமின்றி வாராதிருந்தால், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்று அது விதித்தது. கடமையை அச்சட்டம் எழுத்தில் வைத்தது. அக்கடமையைத் தாங்கி நின்ற பங்கையும் ஊராரின் அதிகாரத்தையும் அது மீட்டுத் தரவில்லை. உரிமை இழந்தவனைத் தண்டத்தால் மட்டும் உழைக்கச் செய்வது எளிதன்று.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் சிலவற்றையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். பாசனப் பராமரிப்பில் உழவர்க்குப் பங்களிக்கும் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007-இல் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழம் பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகளின் கீழ் உழவர் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்கலாம். 2024-இல் அந்நடைமுறை எளிதாக்கப்பட்டு, வட்டாட்சியரே அதற்கு இசைவு அளிக்க வழி செய்யப்பட்டது. அளவுக்கு மீறியோ விற்பனைக்கோ அள்ளினால் கரையே கெடும்; ஆதலால்தான் வண்டலுக்கும் விதி வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் உழவர்க்குரிய செய்தி என்று நகரத்தார் ஒதுக்கிவிடலாகாது. கழனிக்கு நீரளித்த செம்பரம்பாக்கம் இன்று சென்னைக்குக் குடிநீர் அளிக்கிறது. 2015 டிசம்பரில் பெருமழையின்போது அதிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் சென்றதை நகரம் மறவாது. ஏரி தூர்ந்தால் கோடையில் நீர் குறையும். மாரியில் வெள்ளம் மிகும்.

மாணவர்களே, விடுமுறையில் உங்கள் ஊர் ஏரிக்குச் செல்லுங்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே, நீர் வரும் கால்வாய் திறந்துள்ளதா என்று பாருங்கள். கடைசியாகத் தூர் வாரியது எப்போது என்று பெரியோரைக் கேளுங்கள். உத்தரமேரூர்ச் சபையார் கேட்ட கணக்கும் அதுவே.