பாரத்நெட் திட்டம், தென்காசி மாவட்டம்

பாரத்நெட் என்பது கண்ணாடி இழை வடம் வழியே கிராம ஊராட்சிகளுக்கு அதிவேக இணையம் கொண்டுசெல்லும் ஒன்றிய அரசின் பொதுநிதித் திட்டம். 2011-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பாக ஒப்புதல் பெற்று, 2015-இல் பாரத்நெட் என்னும் பெயர் ஏற்றது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயிலிருந்து செலுத்தும் தீர்வையில் திரளும் நிதியே (இன்று டிஜிட்டல் பாரத் நிதி) இதன் ஆதாரம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணைக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான டான்ஃபினெட்டுடையது. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்ட ஊராட்சிகளும் இதில் அடங்கும். இம்மாவட்டத்தின் குற்றாலம் பேரூராட்சியாதலால் அக்கணக்கில் வராது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடுகள்வரை இணைப்பை நீட்டுவதே கடினமான கட்டம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் அலுவலகம் இயங்குவது, சிற்றூர்களில் தரமான இணைப்புக்குள்ள தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது. 2023-இல் ஒன்றிய அமைச்சரவை, திருத்திய பாரத்நெட்டுக்கு 1,39,579 கோடி ரூபாய் அனுமதித்தது.