பளிச்சொளி விளக்கின் வரலாறு

ஒளியால் எழுதப்படும் ஓவியமே புகைப்படம். 1839ஆம் ஆண்டில் பிரான்சிலே டகேர் என்பாரின் முறை உலகறிய வெளியிடப்பட்ட நாள்தொட்டு, அக்கலையைப் பயின்றோர் பகலவனின் தயவையே நம்பியிருந்தனர். ஞாயிறு மறைந்ததும் அவர்தம் தொழிலும் ஓய்ந்தது. வேண்டிய பொழுதில் வேண்டிய ஒளியைத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற வேட்கையிற் பிறந்ததே, இன்று ‘பிளாஷ்’ என வழங்கும் பளிச்சொளி விளக்கு. அவ்வொளியோடு ஓர் அபாயமும் உடன்பிறந்தது. அந்த அபாயம் இன்றும் அற்றுப்போகவில்லை. காலத்துக்குக் காலம் இடம் மாறி வந்திருக்கிறது.

1851ஆம் ஆண்டில், இலண்டன் றோயல் நிறுவனத்திலே, பொக்ஸ் தல்பொற் என்னும் அறிஞர் சுழலும் சக்கரமொன்றிற் பத்திரிகைத் தாளை ஒட்டி, லெய்டன் சாடிகளிற் சேமித்த மின்சாரத்தை ஒரே பொறியாக வெளிப்படுத்திப் படம் பிடித்தார். சுழன்ற தாளின் எழுத்துக்கள் படத்திலே தெளிவாக நின்றன. ஆயினும் அம்முறை ஆய்வுகூடத்துக்கே உரியதாயிற்று. வெளியுலகினர் நாடியது மகனீசியம் என்னும் உலோகத்தை. 1865ஆம் ஆண்டில் வானியலறிஞர் பியாற்சி சிமித், எகிப்தின் பெரிய பிரமிட்டினுள்ளே மகனீசியத்தை எரித்து அதன் இருண்ட அறைகளைப் படம் பிடித்தார்.

1887ஆம் ஆண்டில் ஜேர்மனியரான மீத்தே, கேடிக்கே ஆகிய இருவர் மகனீசியத் தூளுடன் பொற்றாசியங் குளோரேற்றையும் அந்திமனிச் சல்பைட்டையும் கலந்தனர். தீப்பட்டதும் அத்தூள் கண்ணிமைக்குமுன் வெடித்து எரிந்தது. அவ்வொளியின் துணைகொண்டே ஜேக்கப் றீஸ் நியூயோர்க் நகரின் சேரிகளிலே இருளில் உழன்ற ஏழைகளின் வாழ்வைப் படமாக்கி, 1890ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சமூகத்தின் கண்ணைத் திறந்த அதே தூள், அவர் படம் பிடிக்கச் சென்ற வீட்டிலும் அவர் உடையிலும் தீ மூட்டியது. வெடிவிபத்தில் உயிரிழந்த புகைப்படக்காரரும் உளர். அந்நாளில் அபாயம் மனிதனின் கையிலேயே இருந்தது.

1930ஆம் ஆண்டையொட்டி அது கண்ணாடிக் குமிழுக்குள் அடைக்கப்பட்டது. ஒட்சிசன் நிரம்பிய குமிழினுள் மெல்லிய அலுமினியத் தாள், சிறு மின்கலத்தின் வலுவால் தீப்பற்றி எரிந்தது. புகையும் வெடியும் நீங்கின. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு குமிழ் அழிந்தது. இக்குறையைத் தீர்த்தது மின்னணுப் பளிச்சொளி. 1930களில், அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஹரோல்ட் எட்ஜெர்ட்டன், வாயு நிரம்பிய குழாயூடாக மின்னைப் பாய்ச்சி, மீண்டும் மீண்டும் ஒளிரும் விளக்கை உருவாக்கினார். தல்பொற்றின் மின்பொறியே புதுவடிவிற் பயன்பாட்டுக்கு வந்ததெனலாம்.

இவ்விளக்கினுள் உள்ள கொள்ளளவி ஏறத்தாழ 300 வோல்ற்று மின்னைச் சேமித்து வைக்கிறது. குழாயினுள் இருக்கும் செனன் வாயுவை விழிப்பிக்கப் பல்லாயிரம் வோல்ற்றுக் கொண்ட சிறு துடிப்பொன்று வேண்டும். அத்துடிப்பை எழுப்பும் ஆளி கமராவிலே உள்ளது. பழைய கமராக்களில் அவ்வாளி இரு உலோகத் தகடுகளே. 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் வந்தாலும் அவை பொறுத்துக்கொண்டன. இன்றைய டிஜிட்டல் கமராவில் அவ்வேலையைச் செய்வது நுண்ணிய மின்னணுச் சுற்று. தாங்கும் எல்லையை மீறிய அழுத்தம் அதனைப் பழுதாக்கிவிடும். கமராவின் தலையிலுள்ள பொருத்தி அன்றும் இன்றும் ஒரே வடிவினதாகையால், பழைய விளக்கு புதிய கமராவிலே இலகுவாகப் பொருந்திவிடுகிறது. இங்கேதான் இடர் மறைந்திருக்கிறது.

பெயரை நம்பியும் பயனில்லை. 1970களில் வெளிவந்து புகழ்பெற்ற விவிற்றார் 283 விளக்கின் தொடக்ககாலப் படைப்புக்கள் சிலவற்றில் 200 வோல்ற்றுக்கு மேலும், பிற்காலத்தவற்றில் 10 வோல்ற்றளவும் அளக்கப்பட்டுள்ளன. கமராக்களின் தாங்குவலுவும் ஒன்றன்று: சிலவற்றுக்கு 250 வோல்ற்று எல்லை, வேறு சிலவற்றுக்கு 6 வோல்ற்றே எல்லை.

ஆதலால் அளந்தறிவதே அறிவுடைமை. விளக்கைக் கமராவிற் பொருத்தாமல், மின்கலமிட்டு, ஆயத்த விளக்கு ஒளிரும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் டிஜிட்டல் வோல்ற்றுமானியை நேரோட்ட அளவில் வைத்து, அதன் நேர்முனையை விளக்கின் அடியிலுள்ள நடு ஊசியிலும், எதிர்முனையைப் பக்கவாட்டு உலோகத் தொடுகையிலும் வைத்து அளத்தல் வேண்டும். கிடைத்த எண் கமராவின் கையேடு கூறும் எல்லைக்குள் இருப்பின் அச்சமில்லை. கையேடு எல்லை கூறாதவிடத்து 6 வோல்ற்றையே எல்லையாகக் கொள்வது நன்று. அளவு மிகுந்தாலோ, எண்ணுக்கு முன் எதிர்க்குறி தோன்றினாலோ, விளக்கை நேரே பொருத்தலாகாது. மிகை அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் இடைப்பொருத்தியை நாடலாம். அன்றேல் மற்றொரு விளக்கின் ஒளி கண்டு தானாக இயங்கும் ஒளியுணரியை விளக்கிற் சேர்த்து, கமராவோடு கம்பித் தொடர்பின்றி ஒளிரச் செய்யலாம். ஒளியின் அளவைக் கையால் அமைக்க வேண்டிவருவது இதிலுள்ள ஒரு சிரமம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: கொள்ளளவி மின்கலத்தை அகற்றிய பின்னும் மின்னைத் தாங்கி நிற்பதால், விளக்கின் உடலைத் திறப்பது உயிருக்கே ஊறு விளைக்கலாம்.

றீஸின் காலத்தில் அபாயம் தீயாகக் கண்முன் நின்றது. கண்டவர் விலகி நிற்க முடிந்தது. இன்று அது சிறியதோர் ஊசிமுனையிலே ஓசையின்றி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதனைக் காட்டித்தரும் கண் வோல்ற்றுமானி. அளந்து பார்க்கச் செலவிடும் சில நிமிடங்கள், பழைய விளக்கைக் குப்பையிலிருந்தும் புதிய கமராவைப் பழுதிலிருந்தும் ஒருங்கே காக்கும்.