கொலுவுக்கு வந்த இயந்திர மனிதன்

சென்ற நவராத்திரிக்குக் குன்னூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது தூறலாக இருந்த மழை, பர்லியாரைத் தாண்டியதும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அங்கே நான் தங்கிய ஒன்பது நாளில் ஆறு நாள் மழைதான். மலைநாட்டு மழையில் வீட்டுக்குள் அகப்பட்டுக் கொண்டவனுக்கு இரண்டே போக்கிடம் உண்டு. ஒன்று அடுப்படி, மற்றொன்று குழந்தைகள் இருக்கிற இடம். அடுப்படியில் சுண்டல் தாளித்துக் கொண்டிருந்தார்கள். "நீங்க போய் உட்காருங்க, அண்ணா" என்று தங்கை மரியாதையாக விரட்டிவிட்டாள்.

அவள் மகனுக்கு வயது பதின்மூன்று. காலாண்டுப் பரீட்சை விடுமுறை. ஜன்னலோரமாக ஒரு பலகையைப் போட்டுக் கொண்டு, அட்டைப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தான். பெட்டியின் மேல் ஓர் இயந்திர மனிதனின் படம். உள்ளே பார்த்தால் மனிதனையும் காணோம், இயந்திரத்தையும் காணோம். வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று சில பிளாஸ்டிக் சட்டங்கள்தாம் இருந்தன. கறிவேப்பிலை ஈர்க்கில் இலைகள் ஒட்டிக் கொண்டிருக்குமே, அதுபோல ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்ன உறுப்புகள். எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வெட்டி எடுத்து, எண்ணைப் பார்த்துப் பொருத்திக் கொண்டே போனால் ஆள் எழுந்து நிற்பானாம்.

"இதுக்குப் பேர் என்னடா?"

"கன்டம், மாமா."

ஜாதகத்தில் கண்டம் என்பார்களே, அதுவோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். பையன் சிரித்தான். ஜப்பான் தேசத்துத் தொலைக்காட்சிக் கதை ஒன்றில் வருகிற ராட்சத யந்திரத்தின் பெயராம் அது. கதையில் அதன் உயரம் 18 மீட்டர். பெட்டியில் இருப்பது அதில் 144-இல் ஒரு பங்கு. கட்டி முடித்தால் 12½ சென்டிமீட்டர் வரும். 144 என்ன கணக்கு என்று யோசித்தேன். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. பழைய அடிக்கோல் கணக்கில் சொன்னால், பன்னிரண்டு அடிக்கு ஓர் அங்குலம்.

"நானும் ஒண்ணு வெட்டித் தரேண்டா" என்று ஆசையோடு கேட்டேன். அவனிடம் 'நிப்பர்' என்கிற சின்ன வெட்டுக் குறடு ஒன்று இருந்தது. அதை அவன் வைத்திருந்ததால் நான் நகவெட்டியை எடுத்தேன். வந்தது வினை. இயந்திர மனிதனின் நெற்றியில் 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் போல விரிந்து நிற்கும் ஒரு சூடம் உண்டு. அதன் ஒரு நுனி 'டிக்' என்று முறிந்துவிட்டது. பையன் முகம் வாடியது. இரண்டு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை மாமா. சண்டையில் உடைஞ்சதுன்னு வைச்சுக்கலாம்" என்றான். அந்தப் பெருந்தன்மை என்னை நன்றாகவே குத்தியது.

அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர். இலை வாடும் வாசனையை வைத்தே இன்னும் எத்தனை மணி நேரம் வாட வேண்டும் என்று சொல்லிவிடுவார். குடையை மடக்கிக் கொண்டே, "மீசை முளைக்கப் போற வயசிலே பொம்மை! தீபாவளிக்குப் பெரியவங்க கொடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து இதைத் தபாலில் வரவழைச்சிருக்கான். நீங்களாவது சொல்லக் கூடாதா, மச்சான்?" என்றார்.

சூடத்தை உடைத்தவன் என்ன சொல்வது? பேசாமல் இருந்தேன். பையன் மட்டும் தலை நிமிராமல் சொன்னான்: "இதைச் செய்யற ஊரிலேயும் டீ எஸ்டேட்தான்ப்பா இருக்கு. ஷிஸுவோகா."

அந்தப் பெயரைப் பச்சைத் தேயிலைக்காக நான் கேள்விப்பட்டிருந்தேன். பொம்மைக்காகக் கேட்டது அன்றுதான். ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதியை மாப்பிள்ளைக்குக் கடிதமாகவே எழுதினேன். மீதியையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

ஷிஸுவோகா, ஃபுஜி மலைக்குத் தென்மேற்கே கடலோரமாக இருக்கிறது. பழைய பெயர் ஸும்பு. ஜப்பானை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த டோகுகாவா இயெயாஸு பதவியை மகனிடம் விட்டுவிட்டு 1607-இல் வந்து தங்கியதும், 1616-இல் கண் மூடியதும் இந்த ஊரில்தான். அவருக்கும் அவர் வம்சத்தாருக்கும் பிரியமான செங்கென் கோயிலைக் கட்டவும் புதுப்பிக்கவும் தச்சர்கள், அரக்கு வேலைக்காரர்கள், சித்திரக்காரர்கள் எல்லாரும் பல தலைமுறைகளில் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. கோயில் வேலை என்றைக்காவது முடிந்துதானே தீர வேண்டும்? வந்தவர்கள் முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. பெட்டி, பேழை, அரக்குச் சாமான் என்று கைக்கு வேலை தேடிக் கொண்டார்கள்.

அவர்கள் தேடிக் கொண்ட வேலைகளில் ஒன்றைப் படித்தபோது எனக்குத் தங்கை வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. ஜப்பானிலும் ஒரு கொலு உண்டு! மார்ச் மாதம் 3-ஆம் தேதி, பெண் குழந்தைகள் இருக்கிற வீடுகளில் படி கட்டி, சிவப்புத் துணி விரித்து, மேல் படியில் ராஜாவையும் ராணியையும் வைத்து, கீழே தோழியரையும் வாத்தியக்காரர்களையும் வைப்பார்கள். கூடவே அந்தப் பொம்மைகளுக்கு வேண்டிய குட்டி அலமாரி, குட்டிப் பல்லக்கு, குட்டிப் பாத்திரம் எல்லாம் இருக்கும். அந்தக் குட்டிச் சாமான்களுக்குப் பேர் போன ஊர் ஷிஸுவோகா. கோயில் தூணை இழைத்த கை, விரல் நீள அலமாரியை இழைக்கக் கற்றுக் கொண்டது.

1868-இல் டோகுகாவா ஆட்சி கவிழ்ந்தது. கடைசித் தலைவர் யோஷினோபு அடங்கியிருக்க வந்த இடமும் இதே ஊர்தான். அவரோடு வந்த சாமுராய்களுக்கு எஜமானனும் இல்லை, சம்பளமும் இல்லை. 1869-இல் அவர்களில் ஒரு கூட்டம் மாகினோஹாரா என்கிற பொட்டல் மேட்டுக்குப் போயிற்று. மண்வெட்டி எடுத்துக் கட்டாந்தரையைக் கொத்தித் தேயிலை போட்டது. பக்கத்தில் ஓயி என்ற ஆறு. அதன்மேல் பாலம் போட விடாமல் ஆட்சியாளர்கள் தடுத்து வைத்திருந்ததால், பிரயாணிகளைத் தோளில் சுமந்து கரை சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே ஏராளம். காலம் மாறி ஓடம் வந்தது. அவர்கள் பிழைப்பும் போயிற்று. அவர்களிலும் பலர் தேயிலை போட வந்தார்கள். வாள் பிடித்தவனும் ஆள் சுமந்தவனும் ஒரே மேட்டில் குனிந்து நின்று கொத்தினார்கள். 1876-இல் இடுப்பில் வாள் செருகுவதையே சர்க்கார் தடுத்துவிட்டது. அதற்குள் இவர்கள் தேயிலைக்காரர்களாகிவிட்டார்கள். பின்னால் ஜப்பானின் தேயிலையில் நெடுங்காலம் முதலிடம் இந்தச் சீமைக்குத்தான்.

நம் நீலகிரியின் தேயிலையும் ஏறக்குறைய அதே காலத்தது. 1835-இல் கேத்தியில் சோதனைக்காகச் சில செடிகள் நட்டார்கள். தோட்டமாகப் பெருகியது 1860-ஐ ஒட்டித்தான். சீன யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளை நடுவட்டத்துக்கும் தையசோலைக்கும் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள் என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அங்கே தோற்ற போர் வீரர்கள், இங்கே தோற்ற நாட்டின் கைதிகள். இரண்டு கோப்பைகளிலும் யாரோ தோற்றவனின் வியர்வை இருக்கிறது.

பொம்மைக்கு வருகிறேன். ஷிஸுவோகாவில் தச்சு வேலைக்குக் குறைவில்லை, மரத்துக்கும் குறைவில்லை. 1924-இல் அயோஷிமா என்ற விமானி அங்கே ஒரு விமான ஆராய்ச்சிக் கூடம் வைத்தார். அதிலிருந்து ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் மர விமானங்கள் பிறந்தன. யுத்தத்துக்குப் பிறகு, 1946-இல், டமியா என்பவர் மரவாடி ஒன்று தொடங்கினார். மரத்தோடு மரமாக, மரக் கப்பல் மாதிரிகளையும் செய்து விற்றார். இடையில் ஒரு தீ விபத்து வந்து மரமெல்லாம் போயிற்று. மாதிரிப் பொம்மைதான் மிஞ்சிற்று. பிறகு அதுவே தொழிலாயிற்று.

அப்புறம் அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் வந்தது. 1958-இல் ஜப்பானிலேயே பிளாஸ்டிக் மாதிரி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மர மாதிரிகளைக் கடைக்காரர்கள் சீந்தவில்லை. கோயில் வேலை முடிந்தபோது தச்சருக்கு வந்த அதே கேள்வி, முந்நூறு வருஷம் கழித்து அவர்கள் ஊரின் வாரிசுகளுக்கு வந்தது. டமியா 1960-இல் 'யமாட்டோ' என்ற போர்க் கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்தார். போட்டியாளர் ஒருவர் அதைவிட மலிவாக விற்றதால் கையைச் சுட்டுக் கொண்டார். ஆனாலும் விடவில்லை. பிளாஸ்டிக் மாதிரியில் உயிர்நிலை, எஃகில் வெட்டுகிற அச்சு. அதில் மயிரிழை பிசகினால் இங்கே குன்னூரில் பையனுக்குக் கை பொருந்தாது, கால் பொருந்தாது. இழைப்புளியை வைத்துவிட்டு அரத்தை எடுத்தார்கள். கண்ணும் கையும் பழையவைதாம்.

அதே சீமையில் இமாய் என்று ஒரு கம்பெனி இருந்தது. தொலைக்காட்சிப் பொம்மைப் படம் ஒன்றின் யந்திரங்களைச் செய்து ஓகோ என்று வாழ்ந்தது. படத்தின் மோகம் தணிந்ததும் 1969-இல் முறிந்து போயிற்று. அதன் தொழிற்சாலையையும் அச்சுகளையும் டோக்கியோவின் பண்டாய் கம்பெனி வாங்கிற்று. கன்டத்துக்குத் தொட்டில் அங்கே தயாராயிற்று.

கன்டம் கதை தொலைக்காட்சியில் வந்தது 1979 ஏப்ரலில். இயக்கியவர் யோஷியுகி டோமினோ. யந்திரத்தின் உருவத்தை வரைந்தவர் குனியோ ஓகவாரா. நெற்றிச் சூடத்தைப் பார்த்தால் சாமுராயின் தலைக்கவசம் நினைவுக்கு வரும். கதையில் வருகிறவன் பதினைந்து வயதுப் பையன். யுத்தம் வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. ஊர் எரிகிறபோது எதிரே கிடந்த யந்திரத்துக்குள் ஏறிவிட்டான், அவ்வளவுதான். எதிரிப் படையிலும் தாய்க்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அழுகிறார்கள். இந்த மாதிரிக் கதை சின்னக் குழந்தைகளுக்கு எப்படிப் பிடிக்கும்? பொம்மை விற்பதற்காகப் பணம் போட்ட கம்பெனிக்கு விற்பனை இல்லை. 52 வாரம் ஓட வேண்டியதை 43-ஆவது வாரத்தில், 1980 ஜனவரியில், நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருஷம் ஜூலையில் பண்டாய், 144-இல் ஒரு பங்குக் கன்டத்தை 300 யென்னுக்கு வெளியிட்டது. பசை ஒட்டி, சாயம் அடித்து, தானே கட்டிக் கொள்ள வேண்டும். கடை வாசல்களில் பையன்கள் வரிசை கட்டி நின்றார்கள். கதை புரிகிற வயதுப் பிள்ளைக்கு ஆயத்தமாக வந்த பொம்மை வேண்டியிருக்கவில்லை. தன் கையால் ஆக்குவதுதான் வேண்டியிருந்தது. பசை இல்லாமல் பொருந்துவதும், நாலு நிறம் ஒரே சட்டத்தில் வார்ப்பதும் பின்னால் வந்த சாமர்த்தியங்கள். 2010-இல் ஷிஸுவோகா ரயில் நிலையம் ஒன்றின் அருகே 18 மீட்டர் கன்டத்தையே நிறுத்தி, ஜனங்கள் மாதக்கணக்கில் வந்து பார்த்தார்கள்.

மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். நம் மலையிலும் கைக்கு வேலை கொடுத்த இடங்கள் உண்டு. கோத்தரின் உலைக்களம், தோடப் பெண்களின் பூத்தையல், 1949-இல் கேத்தியில் வந்த ஊசித் தொழிற்சாலை, 1960-இல் ஊட்டியில் வந்த பிலிம் தொழிற்சாலை. பிலிம் தொழிற்சாலை மூடிப் போயிற்று. படம் பிடிக்க பிலிமே வேண்டாம் என்று ஆகிவிட்டால் தொழிற்சாலை என்ன செய்யும்? ஆனால் அங்கே இருட்டறையில் பழகிய விரல்கள் அப்புறம் எங்கே போயின என்று யாராவது கேட்டோமா? பொருள் போகும், வேறு பொருள் வரும். நடுவில் கை பழக்கம் விட்டுப் போகாமல் இருந்த ஊர் பிழைத்துக் கொள்கிறது.

கடிதம் பின்னால் எழுதியது. மழை நாளில் நடந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும்.

நாலாம் நாள் இயந்திர மனிதன் எழுந்து நின்றுவிட்டான். முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாம் திரும்பும். ஆனால் நேரே நிறுத்தினால் வெறும் பிளாஸ்டிக்தான். பையன் அதன் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றினான். இடுப்பை இம்மி திருப்பினான். தலையைச் சற்றுச் சாய்த்தான். உயிர் வந்துவிட்டது! நம் சிற்பிகள் இதைத்தான் திரிபங்கம் என்றார்கள். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது கொலுவில் சேர வேண்டும் என்பது தங்கையின் சங்கல்பம். மழையில் கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை. அவள் இயந்திர மனிதனையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"இது மனுஷனா, சாமியாடா? எந்தப் படியிலே வைக்கிறது?"

"ரெண்டும் இல்லைம்மா. உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டுவான்."

"அப்படிச் சொல்லு. வாகனம்!" என்று சொல்லி, ரிஷபத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். "துப்பாக்கியை மட்டும் அம்பாளைப் பார்த்து நீட்டாதே."

பையன் துப்பாக்கியையும் வாளையும் கழற்றிப் பெட்டியில் வைத்தான். ஒரு முழங்காலை மடக்கி, தலை குனிந்திருக்கும்படி உட்கார்த்தினான். நான் உடைத்த சூடம் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. புஸ்தகங்களை அடுக்கி, என் பேனாவையும் வாங்கி வைத்தாள் தங்கை. மாப்பிள்ளை தம்முடைய ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் இட்டுக் கொண்டே வந்தார். வரிசை முடிந்த பிறகு நிமிர்ந்து, மகனைப் பார்த்தார்.

"உன் குறடு எங்கேடா?"

பையன் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தான். பிறகு ஓடிப் போய் நிப்பரைக் கொண்டுவந்து கொடுத்தான். மாப்பிள்ளை அதை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தார். "நல்ல எஃகு" என்று சொல்லிவிட்டு, ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்.